பல்லில் இருந்த சாட்சி - பிட்யூட்டரி கட்டிகளின் வரலாறு

இந்தக் கட்டுரையில் கொஞ்சம் மருத்துவம், நிறைய வரலாறு. கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, பொறுமையாகப் படியுங்கள்.

பிட்யூட்டரி சுரப்பிக்குத் தமிழில் 'கபச் சுரப்பி' என்று ஒரு பெயர் உண்டு. சளிக்கும் அந்தச் சுரப்பிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிறகு எப்படி வந்தது அந்தப் பெயர்? மூளையில் உண்டாகும் கழிவு சளியாக மாறி, இந்தச் சுரப்பி வழியாக மூக்குக்கு இறங்குகிறது என்று காலன் என்ற பழைய கிரேக்க மருத்துவர் காலத்திலிருந்து ஐரோப்பாவில் நம்பி வந்தார்கள். லத்தீன் மொழியில் 'பிட்யூட்டா' என்றால் சளி. 17ஆம் நூற்றாண்டிலேயே இந்த நம்பிக்கை தவறு என்று நிரூபித்துவிட்டார்கள். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. நாமும் அதை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டோம்.

மூக்குக்குப் பின்னால், மூளையின் அடியில், எலும்பில் உள்ள ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கிறது இந்தச் சுரப்பி. ஒரு கொண்டைக்கடலை அளவுதான். எடை சுமார் அரை கிராம். வளர்ச்சி, தைராய்டு, அட்ரீனல், மாதவிடாய், தாய்ப்பால் எல்லாவற்றுக்கும் உத்தரவு இங்கிருந்துதான் போகிறது. இதில் கட்டி வந்தால் சிலருக்கு உடல் ராட்சதத்தனமாக வளர்கிறது. சிலருக்கு முகம் உப்பி, வயிறு பெருத்து, கை கால் மெலிகிறது. சிலருக்குப் பார்வை போகிறது.

இந்தக் கட்டி ஏன் வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதை ஒரு பிணத்தில் தொடங்குகிறது, அதுவும் திருடப்பட்ட பிணத்தில்.

கடலில் புதைக்கச் சொன்னவர்

சார்லஸ் பைர்ன் 1761இல் வட அயர்லாந்தின் ஒரு சிற்றூரில் பிறந்தார். பையன் வளர்ந்தான், வளர்ந்தான், நிற்கவே இல்லை. 1782இல் லண்டனுக்கு வந்து தன் உயரத்தையே காட்சியாக்கிப் பிழைத்தார். பணக்காரர்களும் பிரபுக்களும் காசு கொடுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். விளம்பரத்தில் எட்டு அடிக்கு மேல் என்று போட்டிருந்தார்கள். எலும்புக்கூட்டை அளந்ததில் ஏறக்குறைய ஏழடி ஏழு அங்குலம்.

அந்தப் புகழ் ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. சேர்த்து வைத்த பணம் திருடு போனது. குடி, நோய். 1783 ஜூன் மாதம் இறந்தபோது வயது 22தான்.

பைர்னுக்கு ஒரு பெரிய பயம் இருந்தது. ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் தன் உடலுக்குக் குறி வைத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் உடற்கூறு மருத்துவர்கள் பிணங்களை எப்படியாவது வாங்கிவிடுவார்கள். அதனால் "என்னை ஈயப் பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கிவிடுங்கள்" என்று நண்பர்களிடம் கேட்டுக்கொண்டார். ஆனால் ஹண்டர் ஆட்களுக்கு லஞ்சம் கொடுத்து உடலைக் கைப்பற்றிவிட்டார். ஐந்நூறு பவுண்டு கொடுத்தார் என்று சொல்வார்கள். உடலைக் கொதிக்க வைத்து, எலும்பை மட்டும் எடுத்துச் சில ஆண்டுகள் கழித்துத் தன் அருங்காட்சியகத்தில் நிறுத்தினார். ஹண்டர் இறந்த பிறகு, 1799இல், அவருடைய சேகரிப்பை பிரிட்டிஷ் அரசு வாங்கி அறுவை மருத்துவர் சங்கத்திடம் ஒப்படைத்தது.

பைர்ன் ஏன் அவ்வளவு உயரமாக வளர்ந்தார் என்பது ஹண்டருக்குத் தெரியாது. அவருக்கு அது ஒரு அதிசயப் பொருள், அவ்வளவுதான்.

மண்டையைத் திறந்தவர்

நூறு ஆண்டுகள் தாண்டுவோம். 1886இல் பாரிஸில் பியர் மரீ என்ற நரம்பியல் மருத்துவர், கை, கால், தாடை எல்லாம் பெரிதாகிப்போன இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதி, அந்த நோய்க்கு 'அக்ரோமெகலி' என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி, இந்த நோயாளிகளுக்கு பிட்யூட்டரி பெரிதாகியிருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

இங்கே ஒரு குழப்பம் வந்தது. சுரப்பி பெரிதானதால் உடம்பு பெரிதானதா? அல்லது உடம்பு முழுக்கப் பெரிதாகும்போது சுரப்பியும் சேர்ந்து பெரிதானதா? இதில் பல ஆண்டுகள் சண்டை.

அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதுதான் காரணம் என்ற கட்சி. 1909 மார்ச்சில் அக்ரோமெகலி வந்த ஒரு விவசாயிக்கு அறுவை செய்து சுரப்பியின் ஒரு பகுதியை நீக்கினார். நோயாளியின் அறிகுறிகள் குறைந்தன. அதாவது, கூடுதலாக இருந்ததை எடுத்தால் நோய் இறங்குகிறது.

அதே 1909இல் குஷிங் லண்டன் போனார். அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஆர்தர் கீத்துடன் சேர்ந்து பைர்னின் மண்டையோட்டைத் திறந்து பார்த்தார். பிட்யூட்டரி உட்காரும் குழி இயல்பைவிட மிகப் பெரிதாக விரிந்திருந்தது. 126 ஆண்டுகள் கழித்து பைர்னுக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது! சிறு வயதிலேயே, எலும்பின் முனைகள் மூடுவதற்கு முன், வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரந்தால் ஆள் உயரமாகிறான். எலும்பு மூடிய பிறகு சுரந்தால் உயரம் கூடாது, கை, கால், தாடை, மூக்கு தடிக்கும். இரண்டும் ஒரே நோய்தான், வந்த வயதுதான் வேறு.

குஷிங்கிலிருந்து வேலூருக்கு

குஷிங்கின் கதைக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு குரு-சிஷ்யத் தொடர்பு உண்டு. குஷிங்கிடம் பாஸ்டனில் பயிற்சி பெற்றவர் வைல்டர் பென்ஃபீல்டு. பின்னாளில் கனடாவில் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தை உருவாக்கியவர். பென்ஃபீல்டிடம் பயின்றவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியவர் அவர்தான். அடுத்த ஆண்டு, 1950இல், சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார்.

எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் தலையில் கட்டி என்றாலே "வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். அந்த வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவு பெரிய பரம்பரை இருக்கிறது.

ஆனால் அதுவரை நடந்ததெல்லாம் கட்டியை எடுப்பது பற்றித்தான். கட்டி எதனால் வருகிறது என்பது மட்டும் இருட்டாகவே இருந்தது.

குற்றவாளி யார்?

பிட்யூட்டரிக்கு மேலே ஒரு மேலதிகாரி உண்டு, ஹைபோதாலமஸ். "வளர்ச்சி ஹார்மோன் சுர" என்று அங்கிருந்து சமிக்ஞை வரும். கட்டி வருவதற்குக் காரணம் மேலதிகாரி ஓயாமல் விரட்டுவதா, அல்லது சுரப்பியிலேயே ஒரு செல் கெட்டுப்போவதா? இதுதான் 1980களின் கேள்வி.

மேலதிகாரி விரட்டினால் சுரப்பியின் எல்லாச் செல்களும் சேர்ந்து பெருக வேண்டும். ஒரே ஒரு செல் கெட்டுப்போனால், கட்டி முழுக்க அந்த ஒரு செல்லின் வாரிசுகளாக இருக்க வேண்டும். 1990இல் வந்த ஆய்வுகள், பெண் நோயாளிகளின் கட்டிகளில் எந்த எக்ஸ் குரோமோசோம் அணைந்திருக்கிறது என்று பார்த்து இதைச் சோதித்தன. பெண்களின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஏதாவது ஒன்று அணைந்திருக்கும். இயல்பான திசுவில் இது கலந்து கட்டியாக இருக்கும். பெரும்பாலான கட்டிகளில் எல்லாச் செல்லிலும் அதே எக்ஸ் அணைந்திருந்தது. அதாவது எல்லாம் ஒரே செல்லின் பிள்ளைகள். குற்றவாளி பெரும்பாலும் சுரப்பிக்குள்ளேயே இருந்தான்.

அந்தச் செல்லில் என்ன கெட்டுப்போகிறது என்பதற்கு முதல் விடை அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 1987இல் இத்தாலியின் மிலான் நகரில் வல்லார், ஸ்பாடா, ஜன்னட்டாசியோ ஆகிய மூவரும், வளர்ச்சி ஹார்மோன் கட்டிகள் சிலவற்றில் 'ஜிஎஸ்' என்ற புரதம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருப்பதைக் கண்டார்கள். 1989இல் அமெரிக்கக் குழுவோடு சேர்ந்து, அதற்குக் காரணம் ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான் என்று காட்டினார்கள். அந்த ஜீனின் பெயர் ஜிஎன்ஏஎஸ்.

இதைப் புரிந்துகொள்ள வீட்டு மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்க ஒரு ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் வைக்கிறோம் அல்லவா? ஜிஎஸ் புரதத்துக்குள்ளும் அப்படி ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. மேலதிகாரியிடமிருந்து சமிக்ஞை வந்தால் இயங்கும், செல்லுக்குள் 'சுழல் ஏஎம்பி' என்ற தூதுப்பொருளை உண்டாக்கும், சிறிது நேரத்தில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஜிஎன்ஏஎஸ் ஜீனில் அந்த எழுத்துப் பிழை வந்தால் அணைக்கும் பகுதி போச்சு. யாரும் போடாமலே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி வழிந்துகொண்டே இருக்கும். வளர்ச்சி ஹார்மோன் கட்டிகளில் ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு இதுதான் காரணம்.

முக்கியமான விஷயம்: இந்தப் பிழை அப்பா அம்மாவிடமிருந்து வருவதில்லை. பிறந்த பிறகு ஒரே ஒரு செல்லில் நடக்கும் விபத்து. பிள்ளைகளுக்கும் போகாது.

இளம்பிள்ளை பக்கம் ஜக்கார்டு தறி பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு தறியின் அட்டையில் மட்டும் ஒரு துளை தப்பாக விழுந்தால் அந்தத் தறியின் சேலைகளில் மட்டும் பிழை. மூல அட்டையிலேயே பிழை இருந்து, அதைப் படியெடுத்து எல்லாத் தறிக்கும் கொடுத்தால்? ஊர் முழுக்க அதே பிழை. முதல் வகை ஜிஎன்ஏஎஸ். இரண்டாவது வகைதான் பரம்பரைக் கட்டிகள்.

இரண்டு பிரேக் தத்துவம்

1954இல் அமெரிக்காவில் பால் வெர்மர் என்ற மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். ஒரே குடும்பத்தில் பலருக்கு பிட்யூட்டரி, பாராதைராய்டு, கணையம் என்று பல சுரப்பிகளில் கட்டி. இது தலைமுறை தலைமுறையாக இறங்கும் நோய் என்றார். இன்று இதற்கு எம்.ஈ.என்.1 என்று பெயர்.

1971இல் ஆல்ஃபிரட் நட்ஸன், குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்து 'இரண்டு அடி' கொள்கையைச் சொன்னார். நாமக்கல் லாரியை வைத்தே சொல்கிறேன். மலை இறக்கத்தில் போகும் லாரிக்கு இரண்டு பிரேக் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். இரண்டும் போனால்தான் விபத்து. கட்டியைத் தடுக்கும் ஜீன்களும் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பரம்பரைக் குடும்பத்தில் பிறந்தவருக்கு எல்லாச் செல்லிலும் ஒரு பிரேக் பிறவியிலேயே இல்லை. வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் இரண்டாவது பிரேக்கும் போகும்போது, அங்கே கட்டி ஆரம்பிக்கிறது.

1988இல் எம்.ஈ.என்.1 ஜீன் 11ஆவது குரோமோசோமில் ஒரு பகுதியில் இருப்பதாகச் சுவீடன் குழு கண்டது. தெரு தெரிந்துவிட்டது, வீட்டு எண் தெரியவில்லை. அதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1997இல் 'சயின்ஸ்' இதழில் அந்த ஜீன் வெளியானது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் அந்தக் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது தெரியுமா? செட்டாரா சந்திரசேகரப்பா! அந்த ஜீன் உண்டாக்கும் புரதத்துக்கு 'மெனின்' என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் ஒரு புதிர் மிச்சம் இருந்தது. பிட்யூட்டரியில் மட்டும் கட்டி வரும் சில குடும்பங்களிலும் அதே 11ஆவது குரோமோசோமின் அதே தெருவில் கோளாறு தெரிந்தது. ஆனால் மெனின் ஜீனில் பிழையே இல்லை. அப்படியானால் அதே தெருவில் வேறு வீடு!

2006இல் ஃபின்லாந்துக் குழு அந்த வீட்டைக் கண்டுபிடித்தது. வட ஃபின்லாந்தில் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள் என்று நினைத்த சில நோயாளிகளை, பழைய பதிவேடுகளைக் கொண்டு 1700கள் வரை பின்னோக்கிப் போய், ஒரே வம்சத்தில் இணைத்தார்கள். கிடைத்த ஜீனின் பெயர் ஏஐபி. இதன் புரதம் ஒழுங்காக இருந்தால் சுழல் ஏஎம்பி அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்கிறது என்பது முக்கியமான ஒரு விளக்கம். அதாவது மேலே சொன்ன அதே மோட்டார், அதே தொட்டி. கெட்டுப்போன இடம்தான் வேறு.

இந்த நோய் ஏன் இவ்வளவு காலம் பரம்பரை என்றே தெரியவில்லை? ஏஐபி பிழை உள்ள எல்லோருக்கும் கட்டி வருவதில்லை. ஐந்து பேரில் ஒருவருக்கு வரலாம். தாத்தாவுக்கு இருந்திருக்கும், அப்பாவுக்கு இருக்காது, பேரனுக்கு வரும்.

மீண்டும் பைர்ன்

இப்போது லண்டனுக்குத் திரும்புவோம். மார்தா கோர்போனிட்ஸ் என்ற பேராசிரியர் தலைமையிலான குழு, பைர்னின் இரண்டு பற்களிலிருந்து டிஎன்ஏ எடுத்தது. 2011 ஜனவரியில் முடிவு வெளியானது. ஏஐபி ஜீனின் 910ஆவது எழுத்தில் பிழை. அந்தப் புரதத்தில் மொத்தம் 330 அமினோ அமிலங்கள். பைர்னின் பிழையால் 304ஆவது இடத்தில் 'நிறுத்து' என்று வந்துவிட்டது. கடைசி 27 அமிலங்கள் இல்லாத அரைகுறைப் புரதம்.

இதைவிட ஆச்சரியம், அதே பிழை இன்றைய வட அயர்லாந்தின் நான்கு குடும்பங்களிலும் இருந்தது. அவர்களுக்கும் பைர்னுக்கும் பொதுவான மூதாதை 57 முதல் 66 தலைமுறைக்கு முன், அதாவது சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 2016இல் வந்த இன்னோர் ஆய்வு, பைர்னின் ஊர்ப் பக்கத்தில் ஏறக்குறைய 150 பேரில் ஒருவருக்கு இந்தப் பிழை இருப்பதாகச் சொன்னது. அயர்லாந்தின் நாட்டுப்புறக் கதைகளில் ராட்சதர்கள் நிறைய வருவார்கள். அதற்கு ஒரு காரணம் இந்த ஜீனாக இருக்குமோ என்று ஆய்வாளர்களே யோசித்தார்கள்.

இன்று அந்தக் குடும்பங்களில் பிழை உள்ள பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்தே கண்காணிக்கிறார்கள். கட்டி சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். 22 வயதில் செத்துப்போனவரின் பல் இன்னொரு பையனைக் காப்பாற்றுகிறது.

மற்ற ஜீன்கள், வேகமாக

2014இல் ஒரு வயதுக்குள்ளேயே அசுர வளர்ச்சி தொடங்கும் குழந்தைகளில் எக்ஸ் குரோமோசோமின் ஒரு பகுதி இரட்டிப்பாகி இருப்பது தெரிந்தது. அதில் ஜிபிஆர்101 என்ற ஜீன்தான் காரணம். 2015இல் குஷிங் நோய்க் கட்டிகளில் யுஎஸ்பி8 என்ற ஜீன். செல் குப்பையில் போட வேண்டிய புரதங்களைக் குப்பைக்குப் போகவிடாமல் காப்பாற்றிவிடுகிறது இந்தப் பிழை. அந்தக் கட்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இது இருக்கிறது. 2020இல் ஒரு சீனக் குழு, புரோலாக்டின் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் எஸ்எஃப்3பி1 என்ற ஜீனில் பிழையைக் கண்டது. இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலான பிட்யூட்டரி கட்டிகளில் இதுதான் ஜீன் என்று கை காட்ட முடியவில்லை. கதை முடியவில்லை.

நமக்கு இதில் என்ன?

ஒன்று, இது நீங்கள் நினைப்பதுபோல் அபூர்வம் இல்லை. தொந்தரவு தரும் அளவுக்கு பிட்யூட்டரி கட்டி சுமார் ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருப்பதாக பெல்ஜியத்தில் எடுத்த கணக்கு சொல்கிறது. அதில் பரம்பரையாக வருவது சுமார் 5 சதவீதம்தான். கிட்டத்தட்ட எல்லாமே புற்றுநோய் அல்லாத கட்டிகள். புரோலாக்டின் கட்டி என்றால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். "தலையில் கட்டி" என்று கேட்டதும் வீட்டில் எல்லோரும் அழ ஆரம்பிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு, நம் பக்கம் உறவில் பெண் எடுப்பது வழக்கம். அக்கா மகள், மாமன் மகள் கல்யாணம் சர்வசாதாரணம். இரண்டு பிரதியும் கெட்டுப்போய்ப் பிறந்தால்தான் வரும் நோய்கள் இதனால் அதிகமாகின்றன என்பது உண்மை. ஆனால் எம்.ஈ.என்.1, ஏஐபி இரண்டுக்கும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு கெட்ட பிரதி வந்தாலே போதும். எனவே "அந்நியத்தில் கட்டியிருந்தால் இது வந்திருக்காது" என்று மருமகளைக் குறை சொல்வதற்கு இங்கே இடமே இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ.

மூன்று, நோய் மெதுவாக வருவதால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை. செருப்பு அளவு வருடா வருடம் கூடுகிறதா, மோதிரம் கழற்ற வரவில்லையா, பல்லுக்கு நடுவே சந்து விழுகிறதா, பக்கவாட்டில் வரும் வண்டி தெரியவில்லையா, கர்ப்பம் இல்லாமலே மாதவிடாய் நின்று மார்பில் பால் சுரக்கிறதா, பத்தாவது படிக்கும் பையன் கதவு நிலையில் இடிக்கும் அளவுக்கு வளர்ந்துகொண்டே போகிறானா... "கூடைப்பந்துக்கு அனுப்பலாம்" என்று சந்தோஷப்படுவதோடு ஒருமுறை ஹார்மோன் பரிசோதனையும் செய்துவிடுங்கள். நல்ல உயரம் எல்லாம் நோய் இல்லை. ஆனால் நிற்காத வளர்ச்சியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எலும்புக்கூடு யாருக்குச் சொந்தம்?

பைர்னைக் கடலில் அடக்கம் செய்ய வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் குரல்கள் எழுந்தன. பல ஆண்டுகள் மூடியிருந்த ஹண்டர் அருங்காட்சியகம் 2023இல் மீண்டும் திறந்தபோது பைர்னின் எலும்புக்கூடு காட்சிக்கு வைக்கப்படவில்லை. ஆனால் ஆராய்ச்சிக்காக அவர்களிடமே இருக்கிறது.

ஒரு பக்கம், அந்த எலும்பு இல்லை என்றால் 1909ம் இல்லை, 2011ம் இல்லை. இன்னொரு பக்கம், அந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று, அதைக்கூடக் கொடுக்கவில்லை. இன்று ஒருவரின் ரத்தத்தை ஆராய்ச்சிக்கு எடுக்க வேண்டுமானால் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி, சம்மதம் வாங்க வேண்டும். அப்படிச் சம்மதித்துக் கொடுத்த ஃபின்லாந்து, வட அயர்லாந்துக் குடும்பங்களால் விஞ்ஞானம் ஒன்றும் நின்றுவிடவில்லை. ஏஐபி ஜீனைக் கண்டுபிடித்ததே அவர்களின் ரத்தத்தில்தான், பைர்னின் பல்லில் இல்லை. திருடினால்தான் அறிவு வளரும் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

பல்லில் இருந்த டிஎன்ஏவைப் படித்தாகிவிட்டது. பைர்னிடம் நாம் இன்னும் கேட்க வேண்டியது என்ன மிச்சம் இருக்கிறது? என் கருத்து, இனி அவரைக் கடலுக்கு அனுப்பிவிடலாம். உங்கள் கருத்து வேறாக இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், பேசுவோம்.